மூன்றாம் பாகம் டோம்பிவிலியில்

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்து மழை. ஸ்டேஷன் பக்கம் முழங்கால் தண்ணீர் என்றான் பால்காரன். துணி காயவில்லை. ஹாலில் கயிறு கட்டி ஃபேனுக்குக் கீழே போட்டிருக்கிறேன். வீடு முழுக்க ஈர வேட்டி நாற்றம்.

வாங்க வேண்டியது: கொத்தமல்லி, தேங்காய் (ஒன்று போதும்), இவருக்கு பிபி மாத்திரை, பாச்சை உருண்டை.

கார்த்திக்குக்கு வேலை போய் இது மூன்றாவது மாதம். போனது என்று சொல்லமாட்டான். "பிரேக்" என்பான். காலையில் குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடுகிறான். அவன் ஆபீசில் ஒரு மாடியையே காலி பண்ணிவிட்டார்களாம். பேப்பரைத் திறந்தால் மந்தம், மந்தம். இருபத்தெட்டு வயசுப் பிள்ளை பகலில் வீட்டில் இருப்பது ஒரு மாதிரி கனமாக இருக்கிறது. அவன் நடந்தால்கூடச் சத்தம் வருவதில்லை.

இவருக்கு இன்று ஒரு யோசனை. பீரோவிலிருந்து ஸ்டாம்ப் ஆல்பங்களை இறக்கினார். ரிடையர் ஆகும்வரை புது ஸ்டாம்ப் வந்த நாளெல்லாம் தபால் ஆபீஸ் க்யூவில் நின்று வாங்கியவை. ஒன்றுகூட ஒட்டாதது, முத்திரை விழாதது. நான் தொட்டால் சண்டை. "தங்கம் மாதிரி, ஜானா. ஏறிண்டேதான் இருக்கும்" என்று கல்யாணமான நாளாகச் சொல்லி வந்தவர், இன்றைக்கு, இன்னும் இறங்குவதற்கு முன் கொடுத்துவிடலாம் என்றார். கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டேன். ஸ்டாம்புக்காக இல்லை. இவர் குரல் அப்படி இருந்தது.

ஆல்பங்களுக்குப் பின்னால் என் பைண்டுப் புத்தகங்கள். பாகம் 1, பா. 4, பா. 5. துடைத்துவிட்டு மறுபடி உள்ளே தள்ளப் போனேன். அதையும் எடு என்றார்.

ஜூலை 4, வெள்ளி

மழை விட்டு விட்டு. கொத்தமல்லி அழுகல். அதற்கே கடைக்காரன் காட்டும் முகத்தைப் பார்க்கவேண்டும்.

கார்த்திக் கேட்டான், இது என்ன புஸ்தகம், அட்டையில் பேரே இல்லையே என்று. பேர் எப்படி இருக்கும்? வாராவாரம் பத்திரிகையில் வந்த தொடர்கதை. ராஜா, குதிரை, சுரங்கம், காணாமல் போகும் மோதிரம். அப்பா ஸ்டேஷன் வாசல் கடையில் வாங்கி வருவார். மூத்தவள் என்பதால் கமலி அக்காவுக்குத்தான் முதல் வாசிப்பு. நான் அவள் தோளுக்கு மேலாக எட்டி எட்டி. அவள் வேண்டுமென்றே மெதுவாகத் திருப்புவாள். எல்லாரும் படித்து முடித்த பிறகு, அவள் கத்தி நுனியால் பின்னை நெம்பிக் கதைப் பக்கங்களை மட்டும் உருவுவாள். விளம்பரங்களை வெட்டி எறிவது என் வேலை. கதை முடிந்தபோது ஐந்து கட்டு சேர்ந்தது. அப்பா பைண்டு பண்ணிக்கொண்டு வந்தார். நீலத்துணி அட்டை, சிவப்பு முதுகு.

அக்கா கல்யாணமாகிப் போகும்போது பெட்டியில் 2, 4 இரண்டையும் வைத்துக்கொண்டாள். 1, 3, 5 எனக்கு. அம்மாவுக்குக் கோபம். எடுத்தால் எல்லாவற்றையும் எடு, இல்லையானால் அவளுக்கு விடு, யாராவது இப்படிப் பிரிப்பாளா என்று. அக்கா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "முதல் பாகம் முடிஞ்சா இவ எங்காத்துக்கு வந்தாகணும். ரெண்டாம் பாகம் முடிஞ்சா நான் இங்க வந்தாகணும். அதுக்குத்தான்."

அப்படித்தான் நடந்தது, எத்தனையோ வருஷம். அக்கா வீடு டோம்பிவிலி. எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற ஸ்லோ ரயிலில் அந்தப் புத்தகங்கள் போய்வந்ததற்கு அவற்றுக்கே தனியாகப் பாஸ் எடுத்திருக்கலாம். கதை இரண்டு பேருக்கும் மனப்பாடம். ஆனாலும் அடுத்த பாகம் வேண்டும். அதை எடுத்துக்கொண்டு வருகிறவள் வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

அப்புறம் அவள் பிள்ளை கல்யாணம். பத்திரிகை கூரியரில் வந்தது. சொந்தத் தங்கை வீட்டுக்கு. நேரில் வந்து, குங்குமம் கொடுத்து, ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுக் கொடுக்கவேண்டிய பத்திரிகை. அத்திம்பேர் ஏற்பாடு. இவர் கவரைக்கூடப் பிரிக்கவில்லை. "கூரியர்ல கூப்பிட்டவாளுக்குக் கூரியர்லயே ஆசீர்வாதத்தை அனுப்பு" என்றார். போகவில்லை. அவர்களும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. ஆறு வருஷம் ஆகிவிட்டது.

அன்றைக்கு நின்றது நின்றபடி. அவளுடைய பா. 4 என்னிடம். என்னுடைய பா. 3 அவளிடம். கேட்டால் கொடுக்கலாம் என்று நான் இருந்தேன். அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 5, சனி

செம்பூர் போய்வந்தோம், பஸ்ஸில். குடை ஒன்று முறிந்தது.

பழைய புத்தகம், ஸ்டாம்ப், காசு எல்லாம் வாங்கி விற்கும் மணி என்பவர். தாராவியில் அவர் அப்பாவுக்கு ரத்தி கடை, பழைய பேப்பரை எடைக்கு வாங்குவது. எடைக்கு வந்த கட்டுகளிலிருந்து நல்லதைப் பொறுக்க ஆரம்பித்து இப்போது செம்பூரில் தனி அறை. உள்ளே நிற்க இடமில்லை. கேமரா, வெற்றிலைப் பெட்டி, கிராமபோன் குழாய், யார் வீட்டுக் கல்யாணத்திலோ வந்த வெள்ளிச் சொம்பு. எல்லாம் இந்த நாலைந்து மாதத்தில் வந்தவையாம். எல்லார் வீட்டிலும் ஒரே சமயத்தில் பீரோ திறந்திருக்கிறது.

"விக்கதுக்கு நூறு பேரு வாரான், மாமி. வாங்கதுக்கு ஒருத்தன் வரமாட்டேங்கான். மார்க்கெட் ஏக்தம் தண்டா" என்றார், ஒரேயடியாகப் படுத்துவிட்டதாம்.

ஸ்டாம்புகளை ஒவ்வொரு தாளாகப் பார்த்தார், மரியாதையாக. பார்த்துவிட்டு, இதே காலத்தில் இதே தபால்தலைகளை ஊரே வாங்கி வைத்தது என்றார். இப்போது கடையில் கொடுத்தால் அச்சடித்த விலைகூட வராது. கடிதத்தில் ஒட்டினால்தான் முழு மதிப்பு. இவர் ஆல்பத்தை மூடி, ரப்பர் பேண்டை இரண்டு சுற்றாகப் போட்டார்.

என் பைண்டைத் தொட்டதும் மணிக்கு முகம் மாறியது. படங்கள் இரண்டு வண்ணத்தில் அப்படியே இருக்கின்றன. ஆனால் குறைகளை எண்ண ஆரம்பித்தார். விளம்பரம் எல்லாம் போச்சு (சேர்க்கிறவர்களுக்கு விளம்பரம்தான் வேண்டுமாம், யார் கண்டது). பைண்டர் ஓரத்தைச் சீவிவிட்டான். பட்டத்து ராணிக்குப் பென்சிலில் மீசை. அது என் கைங்கரியம், சொல்லவில்லை.

"நல்ல காலத்துல இதெல்லாம் எவனும் பாக்கமாட்டான், மாமி. கையில துட்டு கொறஞ்சா கண்ணு நல்லாத் தெரியும்."

முன்பெல்லாம் ஒற்றைப் பாகம்கூட விற்குமாம். மீதி எங்கேயாவது கிடைக்கும் என்ற நம்பிக்கையில் வாங்கி வைப்பார்கள். இப்போது அந்த நம்பிக்கைக்குக் காசு கொடுக்க ஆளில்லை. அரைகுறைச் செட்டை ரத்திக்குத்தான் போடவேண்டும். ஐந்தும் இருந்தால் கேட்க ஒரே ஒருவர் இருக்கிறார், நல்ல விலைதான், ஆனால் ரொம்ப நாள் காத்திருக்கமாட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் இவர் கண்டக்டரிடம் சில்லறைக்குச் சண்டை போடவில்லை. அதைப் பார்த்தால் பயமாக இருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

வெயில் கொஞ்ச நேரம். தலையணைகளைப் பால்கனியில் போட்டேன். அதற்குள் மழை.

கார்த்திக் விற்பனைக்குப் படம் எடுக்கிறேன் என்று பா. 1-ஐத் திறந்தவன், மூடவில்லை. தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். ஒரு பக்கத்துக்கு ஒரு காப்பி ஆகிறது. இருந்தும் படிக்கிறான். மத்தியானம் என்னிடம் வந்து, "அம்மா, அந்தக் கிழவன் ஒற்றனா?" என்றான். சொல்லமாட்டேன் என்றேன். இந்த வீட்டில் அவன் என்னிடம் ஏதாவது ஒன்றை ஆசையாகக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

இவர் மூன்று தடவை: கமலிக்குப் போன் பண்ணினாயா?

இல்லை. பண்ணவேண்டும்.

இங்கே யாரும் பார்க்கப் போவதில்லை, அதனால் எழுதுகிறேன். எனக்கு விற்கவேண்டாம். எனக்கு அக்கா வேண்டும். போன் பண்ண ஒரு சாக்கு வேண்டியிருந்தது, நாடே கஷ்டத்தில் விழுந்து அதைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. முறுக்கு மாவு அரைக்கவில்லை. ஃப்ரிட்ஜ் ஒரு மாதிரி உறுமுகிறது.

பண்ணினேன்.

என்ன பேசுவது என்று காலையிலிருந்து சமையலறையில் ஒத்திகை. எப்படியிருக்கே, உடம்பு எப்படி, பேரக்குழந்தை என்ன படிக்கிறது. அவள் எடுத்ததும் எல்லாம் போச்சு. குரல் அப்படியே அம்மா. மூச்சு மட்டும் கொஞ்சம் வாங்குகிறது. பின்னால் குக்கர் சத்தம். இவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார், கையால் சாடை காட்டிக்கொண்டு. நான் அவசர அவசரமாகக் கார்த்திக் வேலை, மணி, ஐந்தும் இருந்தால்தான் விலை என்று கொட்டிவிட்டேன். உன்னிடம் இருக்கிற இரண்டும் மூன்றும் வேண்டும் என்றேன். பாதிப் பணம் உனக்கு என்று வேறு சொன்னேன். அதை ஏன் சொன்னேன்.

அவள் முதலில் குக்கரை அணைத்தாள், சத்தம் நின்றது. அப்புறம்:

"ஆறு வருஷம் கழிச்சுப் பண்றே. இதுக்குத்தானா, ஜானு?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். இவர் நிற்கிறார். நான் "ம்" என்றேன்.

"சரி. அனுப்பறேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

அனுப்பறேன். வரேன் இல்லை, வந்து எடுத்துக்கோ இல்லை.

ஜூலை 9, புதன்

ஒன்றும் ஓடவில்லை. ரசத்துக்கு உப்பு போட மறந்தேன். இவர் பேசாமல் சாப்பிட்டார், அதுவே அதிசயம்.

ஜூலை 11, வெள்ளி

மார்க்கெட்டில் பூக்காரியிடம் ஒரு பச்சைப் புடவை, முதுகைக் காட்டிக்கொண்டு. அக்காவின் அதே சாய்ந்த நடை. பின்னாலேயே வாழையிலைக் கடை வரைக்கும் போனேன். திரும்பினாள், யாரோ மராத்திக்காரி. "காய் பாஹிஜே?" என்றாள். என்ன வேண்டும் என்று கேட்கிறாள். என்ன சொல்ல. ஒரு முழம் மல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

அக்காவுக்கு மல்லி பிடிக்காது, தலைவலி. எனக்கு வைத்துவிடுவாள்.

கார்த்திக் பா. 1 முடித்துவிட்டான். கோட்டைக் கதவு சாத்துகிற இடம். "அப்புறம்?" என்கிறான். பெரியம்மாவிடம் இருக்கிறது என்றேன். "வாட்ஸாப்ல போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லேன்." அட அசடே.

இவர் ஒரு வேலை செய்தார். பென்ஷன் சம்பந்தமாக ஏதோ கடிதம். கவரில் ஆல்பத்திலிருந்து ஒரு ஸ்டாம்பை எடுத்து ஒட்டினார். மயில் படம் போட்டது, இவருக்கு ரொம்பப் பிடித்தது. நாக்கால் நனைத்து, கட்டைவிரலால் அழுத்தி, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "முழு மதிப்பு கிடைச்சுடுத்து" என்றார். சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

கனமழை. லோக்கல் நின்று நின்று போகிறது. இந்த மழையிலும் வந்தான் கூரியர்க்காரன்.

அனுப்புநர்: டோம்பிவிலி. அவள் கையெழுத்து, அதே சாய்வு.

கூரியரில். நான் நேரில் போகாமல் போனில் கேட்டேன், அவள் கூரியரில் பதில் கொடுத்துவிட்டாள். நன்றாகக் கொடுத்தாள். வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். கார்த்திக் பயந்து தண்ணீர் கொண்டுவந்தான்.

மேலே பிளாஸ்டிக், அதற்குள் செய்தித்தாள், அதற்குள் அவளுடைய பழைய புடவைத் துணி, மடித்து ஊசி போட்டது. அதற்குள் பா. 2.

ஒன்றுதான். உதறிப் பார்த்தேன். கவரைக் கிழித்துப் பார்த்தேன். கடிதம் இல்லை, பா. 3 இல்லை.

இவர் கூரியர் ஆபீசுக்குப் போன் போட்டுக் கத்தினார். ஒரே பார்சல்தான், ஒரே எடைதான் என்றார்கள். "கேட்டது ரெண்டு. அனுப்பினது ஒண்ணு. அதுவும் அவளோடதை அனுப்பிட்டு உன்னோடதை வெச்சுண்டிருக்கா. என்ன கணக்கு இது?" என்றார்.

நான் அடுப்பில் பால் வைத்திருந்தேன். பொங்கி வழிந்தது. வழியட்டும் என்று நின்றேன்.

அவளுடையதை அனுப்பிவிட்டாள். தரமாட்டேன் என்று சொன்னாள் என்ற பேச்சு வரக்கூடாது. என்னுடையதை வைத்துக்கொண்டாள். என்னுடையது வேண்டுமானால் நான்தானே போகவேண்டும். கல்யாணமாகிப் போன அன்றைக்கு அவள் சொன்ன அதே கணக்கு. ரெண்டாம் பாகம் முடிந்தால் வந்தாகணும். இந்தத் தடவை வரவேண்டியவள் நான்.

இவருக்கு விளக்கவில்லை. சிரித்துக்கொண்டே அடுப்பைத் துடைத்தேன். பைத்தியம் பிடித்துவிட்டதா என்று பார்த்தார்.

ஜூலை 16, புதன்

மணி போன். முலுண்டில் ஒரு வீட்டில் இதே தொடர் ஐந்து பாகமும் கிடைத்துவிட்டதாம். விளம்பரத்தோடு, மீசை இல்லாத ராணியோடு. வீட்டைக் காலி பண்ணுகிறார்கள், கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டார்கள். வாங்கக் காத்திருந்த அந்த ஆள் அதை எடுத்துவிட்டார். இனி ஐந்து இருந்தாலும் பாதி விலைகூட வராது. மணிக்கு உண்மையிலேயே வருத்தம். அவரும் தன் சொந்தச் சேகரிப்பை விற்க ஆரம்பித்திருக்கிறார், வாடகைக்கு. "நெலம சரியானப்பொறவு பாப்போம், மாமி" என்றார்.

போனை வைத்ததும் எனக்கு வந்தது நிம்மதி. வீட்டு நிலைமைக்கு அப்படி நினைக்கக்கூடாது. ஆனால் வந்தது. நல்ல விலை இருந்திருந்தால் கொடுத்திருப்பேன். கொடுக்காமல் இருந்திருக்க முடியாது, கார்த்திக் முகத்தைப் பார்த்துக்கொண்டு. விலை விழுந்ததால் பிழைத்தது.

முலுண்டில் கொடுத்தவள் யாரோ. அவளுக்கும் ஒரு அக்கா இருந்திருப்பாளோ.

ஜூலை 18, வெள்ளி

ஆடி வெள்ளி. பாயசம், கொஞ்சம்தான்.

கார்த்திக்குக்கு ஒரு இண்டர்வியூ வந்திருக்கிறது, அடுத்த வாரம். பழைய சம்பளத்தில் பாதி என்கிறான். போகிறேன் என்கிறான். பா. 2 முக்கால் ஆகிவிட்டது. இப்போது வேகமாகப் படிக்கிறான். ஒரு பக்க ஓரத்தில் அக்காவின் பென்சில் எழுத்தைக் கண்டுபிடித்தான்: "ஜானு இங்கே அழுதாள்." அந்தக் குதிரை சாகிற இடம். பதினோரு வயது எனக்கு. அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

நாளைக்கு டோம்பிவிலி போகிறேன் என்றேன். ஞாயிறு மெகா பிளாக், தண்டவாள வேலை என்று பாதி ரயில் ஓடாது. இவர் பேப்பரைத் தாழ்த்தவில்லை. பேப்பருக்குப் பின்னாலிருந்து: "அந்தக் கல்யாணத்தப்போ கமலி ஆத்துக்காரருக்கு முட்டி ஆபரேஷன்னு அப்புறமா கேள்விப்பட்டேன். நடக்க முடியாம இருந்திருக்கார்."

எப்போது கேள்விப்பட்டாராம்? அந்த வருஷமே. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு ஆறு வருஷம். சொன்னால் இந்தப் பக்கம் போதாது. பாயசத்தை மட்டும் இன்னொரு தடவை ஊற்றவில்லை.

ஜூலை 19, சனி

மழை இல்லை, மூட்டம். குடை எடுத்தாயிற்று.

எடுத்தவை: வெற்றிலை பாக்கு, குங்குமச் சிமிழ், ஆறு வாழைப்பழம், அத்திம்பேருக்கு நெய் காராபூந்தி, புடவைத் துணி (துவைத்தது, திருப்பிக் கொடுக்க). கல்யாணமும் இல்லை, காட்சியும் இல்லை. அழைக்கப் போகிறேன், அவ்வளவுதான். எங்காத்துக்கு வா என்று.

கார்த்திக் பா. 2 முடித்துவிட்டான். மூன்றைக் கையோடு வாங்கிக்கொண்டு வா என்று உத்தரவு.

இவர் அயர்ன் பண்ணின சட்டையோடு வாசலில் நிற்கிறார். நான் கூப்பிடவில்லை. டிக்கெட் இரண்டு எடுக்கவேண்டும் என்கிறார், செருப்பைத் தேடிக்கொண்டே. ஸ்லோவில் போவோம், உட்கார இடம் கிடைக்கும் என்கிறார்.

பா. 4 பையில், பிளாஸ்டிக் சுற்றி. அவளுடையது, அவளிடமே சேரட்டும். பா. 5-ஐயும் எடுத்து வைத்திருந்தேன். பூட்டுகிற நேரத்தில் வெளியே எடுத்துப் பீரோவில் திரும்ப வைத்துவிட்டேன். முடிவு அதில்தான் இருக்கிறது. அதற்கு அவள் இங்கே வரட்டும்.